திரும்பி நடந்தால் மலை கோபித்துக்கொள்ளாது

இரண்டாயிரமாவது வருஷம் பிறக்கும்போது கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் குழம்பிப்போய் உலகமே நின்றுவிடும் என்று பயமுறுத்திக்கொண்டிருந்தார்கள். வருஷம் பிறந்தது. உலகம் நிற்கவில்லை. பொங்கல் கழிந்து ஒரு வாரம் போல ஆகியிருக்கும். திருவண்ணாமலையில், செங்கம் ரோட்டில், ஒரு பிரௌசிங் சென்டரின் மூலை கேபினில், மதியச் சாப்பாட்டுக்கும் சாயங்கால டீக்கும் நடுவில் நான் மட்டும் செத்துப்போனேன். கம்ப்யூட்டரால்தான். அன்றைக்கே, அதே நாற்காலியில், திரும்ப உயிர் வந்தது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இதை எழுதுவது யார் என்று கேட்பீர்கள்.

எனக்குத் தொழில் மைக் செட். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், கோயில் திருவிழா, எது என்றாலும் ஸ்பீக்கர் குழாய் கட்டுவேன். பாட்டுப் போடுவேன். பேச ஆள் வராவிட்டால் நானே பேசியும் விடுவேன். வந்த பிறகும் நிறுத்துவதில்லை என்று ஒரு புகார் உண்டு. பௌர்ணமிக்குப் பௌர்ணமி, கிரிவலப் பாதையில் குபேர லிங்கம் தாண்டி ஓர் அன்னதானப் பந்தலில் என் மைக் இருக்கும். அங்கே பாட்டுப் போடுவது பாதி வேலைதான். மீதிப் பாதி, கூட்டத்தில் தொலைந்தவர்களைக் கூப்பிடுவது. “கீழ்பென்னாத்தூரிலிருந்து பச்சைச் சட்டையில் வந்திருக்கும் பெரியவரே, உங்கள் சம்சாரம் பந்தலில் சாம்பார் சாதத்தோடு காத்திருக்கிறார். சாதம் ஆறுவதற்குள் வரவும்” என்கிற மாதிரி. ஒரு தடவை ஓர் அம்மா வந்து உட்கார்ந்தார். வீட்டுக்காரர் பெயரைக் கேட்டால், “இப்ப கூப்புடாதீங்க, கொஞ்ச நேரம் நிம்மதியா ஒக்காந்துக்குறேன்” என்றுவிட்டார். அப்படியும் நடக்கும்.

கிரிவலத்தில் தொலைந்தவரைக் கண்டுபிடிப்பதில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. மலையை வலப்பக்கம் வைத்து நடப்பவர்கள் பாதி வழியில் திரும்ப மாட்டார்கள். திரும்பினால் தப்பு என்று ஒரு பயம். அதோடு, வட்டமான பாதைதானே, நடந்துகொண்டே இருந்தால் எப்படியும் கிளம்பின இடத்துக்கு வந்துவிடுவோம் என்று ஒரு தைரியம். ஆகவே தொலைந்தவரும் முன்னால் நடப்பார். அவரைத் தேடுகிறவரும் முன்னால் நடப்பார். இரண்டு பேரும் ஒரே வேகத்தில் விடிய விடிய நடந்தாலும் சந்திக்க மாட்டார்கள். இதற்காகவே நான் ஓர் அறிவிப்பு வைத்திருந்தேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

“கூட்டத்தில் பிரிந்தவர்கள் கவனிக்கவும். முன்னால் போனால் பிடித்துவிடலாம் என்று நடக்காதீர்கள். உங்களைத் தேடுகிறவர்களும் அதையே நினைத்து நடந்துகொண்டிருப்பார்கள். கடைசியாக எந்த இடத்தில் சேர்ந்து இருந்தீர்களோ அந்த இடத்துக்கே திரும்பி வாருங்கள். ஆளைத் தேடித் திரும்பி நடந்தால் மலை கோபித்துக்கொள்ளாது.”

கடைசி வரி என் சொந்தச் சரக்கு. அதைச் சொன்ன பிறகுதான் ஜனங்கள் திரும்ப ஆரம்பித்தார்கள்.

தொழிலைப் பற்றி இன்னும் ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன். குழாயை எப்போதும் மைக்குக்கு முதுகைக் காட்டித்தான் கட்ட வேண்டும். இரண்டும் நேருக்கு நேர் பார்த்தால் ஊளையிடும். அதனால் மைக் செட்காரன் பேசுவதை ஊரே கேட்கும். அவன் காதில் சரியாக விழாது.

சரி, நான் செத்த கதைக்கு வருகிறேன்.

அதற்கு முந்தின கார்த்திகையில் தீபத் திருவிழா முழுக்கக் கத்தியதில் தொண்டை கட்டிக்கொண்டது. வருஷா வருஷம் கட்டும், வெந்நீர் குடித்தால் விட்டுவிடும். இந்தத் தடவை விடவில்லை. வாயைத் திறந்தால், மாவு மில்லில் பெல்ட் தேய்கிற மாதிரி ஒரு சத்தம். பிறகு அதுவும் போய் வெறும் காற்று. முதலில் என் மனைவிக்கு இது ஒரு திருவிழாவாகத்தான் இருந்தது. “இன்னிக்குதாங்க வூடு வூடு மாதிரி இருக்குது” என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் என் முன்னாலேயே சொன்னாள். பதில் சொல்ல வாய் இல்லாமல் நான் தட்டைத் தட்டினேன். பொங்கலும் வந்து போனது. அதன் பிறகு அவள் கேலி செய்யவில்லை. கேலி செய்யாத என் மனைவியைப் பார்த்ததும்தான் டாக்டரிடம் போகலாம் என்று நானே ஜாடை காட்டினேன்.

டவுனில் தொண்டை டாக்டரிடம் போனோம். வாய்க்குள் கண்ணாடியை விட்டுப் பார்த்தார். “குரல் நாண்ல ஏதோ சின்னதா தெரியுது. கண்ணாடில சரியா புடிபடல. வேலூர்ல குழாய் விட்டுப் பாப்பாங்க, போயிட்டு வந்துடுங்க. பயப்பட ஒண்ணும் இல்ல” என்றார். பயப்பட ஒன்றுமில்லை என்று ஒரு டாக்டர் சொன்னால் அதுவரை பயப்படாதவனும் பயப்பட ஆரம்பித்துவிடுவான். அதிலும் குழாய் என்றதும் எனக்கு என் குழாய்தான் கண்ணில் வந்தது. அது எப்படித் தொண்டைக்குள் போகும் என்று இரண்டு நாள் யோசித்தேன்.

வேலூருக்குப் போவதற்கு முந்தின நாள்தான் அந்தப் பிரௌசிங் சென்டருக்குப் போனேன். இண்டர்நெட்டில் எதைக் கேட்டாலும் தெரியும் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். டாக்டர் வாயால் கேட்பதற்குமுன் நாமே தெரிந்துகொண்டால் தைரியமாக இருக்கலாம் என்று ஒரு கணக்கு. மனைவியிடம் சொல்லவில்லை. ஒயர் வாங்கப் போகிறேன் என்று ஜாடை காட்டிவிட்டுக் கிளம்பினேன்.

சென்டரை நடத்தியவர் வேங்கிக்காலில் வாழ்க்கைப்பட்ட ஒரு பெண். கம்ப்யூட்டர் படித்தவர். ஆசிரமங்களுக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்கள் ஈ-மெயில் அனுப்ப வருவார்கள் என்று தைரியமாகக் கடை போட்டிருந்தார். திறப்பு விழாவுக்குக் குழாய் கட்டியது நான்தான். வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஏ.சி. அறைக்குள் போனேன்.

“இன்னாண்ணா, இந்தப் பக்கம்?” என்றார்.

“ஒரு விஷயம் தேடணும்மா” என்றேன், காற்றாக.

கிசுகிசுப்பாகப் பேசுகிறவனிடம் எல்லோரும் கிசுகிசுப்பாகவே பேசுவார்கள். அவரும் குரலைத் தாழ்த்தி, “ரகசியமாண்ணா?” என்றார்.

“இல்லம்மா. தொண்டை.”

மூலை கேபினில் உட்கார வைத்தார். போனில் லைன் போட்டதும் கம்ப்யூட்டர் பக்கத்தில் இருந்த மோடம் பெட்டி கீச்சென்று ஊளையிட்டது. மைக்கும் குழாயும் நேருக்கு நேர் பார்த்தால் வருகிற அதே சத்தம். தொழில் தெரிந்தவன், அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும். வரவில்லை. டாக்டர் சொன்னதை நான் சொல்ல, அவரே அதை இங்கிலீஷில் டைப் செய்து, வந்த பக்கத்தைக் காட்டி, “நீலமா, அடியில கோடு போட்டிருக்குதில்ல, அந்த வார்த்தை மேல மவுஸ வச்சு அமுத்துனா அது சம்பந்தமான வேற பக்கத்துக்குப் போவும். வேணாம்னா மேல இடது பக்கம் அம்பு இருக்குது, அமுத்துங்க. வந்த எடத்துக்கே வந்துடலாம்” என்றார். அதற்குள் இன்னொரு கேபினிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் கூப்பிட, போய்விட்டார்.

எனக்கு இங்கிலீஷ், ஆம்ப்ளிஃபயர் பெட்டியோடு வரும் புத்தகங்களைப் படித்து வந்த இங்கிலீஷ். பயப்படும் அளவுக்குத் தெரியும், ஆறுதல் அடையும் அளவுக்குத் தெரியாது. முதல் பக்கத்தில் முதல் வரியைத் தாண்டி இரண்டாவது வரியில் ஒரு நீல வார்த்தை: ட்யூமர். அந்த வார்த்தை எனக்கு நன்றாகத் தெரியும். சினிமாவில் இடைவேளைக்குப் பிறகு வரும். அதை அமுக்கினேன்.

எங்கள் பக்கத்தில் வைத்தியம் ஒரு படிக்கட்டு மாதிரி. ஊர் கம்பவுண்டர் கையை விரித்தால் டவுன் டாக்டர். அவர் கையை விரித்தால் வேலூர். அங்கேயும் முடியாவிட்டால் மெட்ராஸ். ஒருவர் அடுத்தவரிடம் அனுப்புகிறார் என்றால் கேஸ் பெரிசாகிறது என்று அர்த்தம். அந்த நீல வார்த்தைகளையும் நான் அப்படித்தான் புரிந்துகொண்டேன். இந்தப் பக்கம் என்னைப் பார்த்துவிட்டு, நம்மால் ஆகாது, நீ அங்கே போ என்று அடுத்த பக்கத்துக்கு அனுப்புகிறது. அது போகச் சொல்கிறது, நான் போகிறேன். அமுக்கினவன் நான்தான் என்பது மண்டையில் ஏறவே இல்லை.

ட்யூமர், கேன்சருக்கு அனுப்பியது. கேன்சர், குரல்வளையையே எடுத்துவிடுகிற ஆபரேஷனுக்கு அனுப்பியது. அங்கே ஒரு போட்டோ. அந்தக் காலத்து இண்டர்நெட்டில் போட்டோ ஒரேயடியாக வராது, நாடகத் திரை இறங்குவது போல மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். முடி வந்தது. நெற்றி வந்தது. கண் வந்தது. கழுத்து வருவதற்குள் நான் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டேன். கழுத்தில் ஒரு துளை. அதற்கு மேல் இறங்குவதைப் பார்க்க நான் என்ன பைத்தியமா. கண்ணை மூடி நூறு எண்ணிவிட்டு, திறக்காமலே அடுத்த நீலத்தை அமுக்கினேன். கண்ணைத் திறந்தால், கணவனை இழந்த பெண்கள் மனதைத் தேற்றிக்கொள்வது எப்படி என்று ஒரு பக்கம். அதில் ஒன்றை அமுக்கினால் ஒரு கடை. சவப்பெட்டிக் கடை. தேக்கு மரம், உள்ளே பட்டு மெத்தை, பித்தளைக் கைப்பிடி. எங்கள் வழக்கத்தில் பெட்டி கிடையாதே என்று ஒரு நிமிஷம் நின்றேன். பிறகு, கைப்பிடி நன்றாகத்தான் இருக்கிறது என்று தோன்றியது.

அம்பை ஏன் அமுக்கவில்லை என்று கேட்பீர்கள். அமுக்கத் தோன்றவில்லை. பிறந்ததிலிருந்து மலையைச் சுற்றியவன் கால் பின்னால் போகாது. முன்னாலேயே போய்க்கொண்டிருந்தால் சுற்றி வந்து கிளம்பின கோபுரத்துக்கே சேர்ந்துவிடுவோம் என்றுதான் புத்தி சொன்னது. அந்த நம்பிக்கையில் இன்னும் ஒன்று அமுக்கினேன். தேக்கு மரத்தைக் கரையான் அரிக்காமல் காப்பது எப்படி என்று வந்தது. இன்னும் ஒன்று. இப்போது வெள்ளைத் திரையில் நாலு வரிதான். இந்தப் பக்கத்தைக் காட்ட முடியாது என்று இங்கிலீஷில் போட்டிருந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. எனக்குக் காட்ட இனிமேல் ஒன்றும் பாக்கி இல்லை.

எழுந்து, யாரிடமும் சொல்லாமல், கிடைத்த செருப்பில் காலை நுழைத்துக்கொண்டு வெளியே வந்தேன். ரோட்டில் எல்லோரும் எந்தக் கவலையும் இல்லாமல் வாழைப்பழம் வாங்கிக்கொண்டிருந்தது எனக்கு ரொம்ப அநியாயமாகப் பட்டது. நேராக என் கடைக்குப் போனேன். அங்கே மனைவியின் தம்பி, கூட வேலை பார்ப்பவன், ஒயர் சுற்றிக்கொண்டிருந்தான். சாவிக்கொத்தை அவன் கையில் வைத்து, “இனிமே கடைய நீதான்டா பாத்துக்கணும், மாப்ள. ஆம்ப்ளிஃபயர நீயே வச்சுக்கோ” என்றேன்.

அழுவான் என்று பார்த்தேன். “ஸ்பீக்கர் பொட்டியும் சேத்தா, மாமா?” என்றான்.

வீட்டுக்கு வந்தேன். மனைவி மறுநாள் வேலூருக்குப் பையில் துணி வைத்துக்கொண்டிருந்தாள். பையை வாங்கி, துணியை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தேன். வேலூர் போகப் போவதில்லை என்றேன். எல்லாம் பார்த்தாகிவிட்டது, கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது, இருக்கிற நாளைக் குழாயெல்லாம் விடாமல் நிம்மதியாகக் கழிக்கலாம் என்று கிசுகிசுத்தேன். அப்போது அதை நான் நிஜமாகவே நம்பினேன். டாக்டர் உள்ளே பார்த்தால்தானே அது இருக்கும், பார்க்காத வரைக்கும் இல்லை என்கிற மாதிரி ஒரு நியாயம். இப்போது சிரிப்பாக இருக்கிறது. அன்றைக்கு அவள் மட்டும் விட்டிருந்தால் நான் போயிருக்கவே மாட்டேன்.

அவள் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். பார்வை காலில் நின்றது.

“இது யார் செருப்புங்க?”

குனிந்து பார்த்தேன். தோலில் செய்த, பெரிய பெரிய வார் வைத்த, படகு சைஸில் ஒரு செருப்பு. என் கால் அதில் பாதிதான் இருந்தது. இதைப் போட்டுக்கொண்டுதான் ஊர் முழுக்க நடந்து வந்திருக்கிறேன்.

“யாரோ ஒரு ஆளு வெறுங்கால்ல நிப்பாரு. மொதல்ல எழுந்திருங்க” என்றாள். “செத்தவரு செருப்ப திருடிக்குனு போனாருன்னு பேரு வேணாம்.”

ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனாள். வழியில், “ஆம்ப்ளிஃபயர் பேசலைன்னா கழட்டிப் பாக்காம தூக்கிப் போட்டுடுவீங்களா? தொண்டைக்கு மட்டும் இன்னா வந்துச்சு” என்றாள். நான் ஏதோ சொன்னேன். ஆட்டோ சத்தத்தில் என் காற்று அவள் காதுக்குப் போகவில்லை.

சென்டரில் அந்த வெள்ளைக்காரர் வெறுங்காலோடு ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். செருப்பைப் பார்த்ததும் எழுந்து எனக்குக் கும்பிடு போட்டார். மற்ற கேபின்கள் காலி. மதியமே லைன் செத்துவிட்டதாம். ரோட்டில் யாரோ பள்ளம் தோண்டும்போது கேபிளை வெட்டிவிட்டார்களாம். பக்கத்தைக் காட்ட முடியாது என்று எனக்கு வந்தது அதனால்தான். அதைக் கேட்டும் எனக்கு நிம்மதி வரவில்லை. அதற்கு முன்னால் வந்ததெல்லாம் லைன் இருக்கும்போது வந்ததுதானே.

என் மனைவி அந்தப் பெண்ணிடம் நேராகப் போய், “எங்க வூட்டுக்காரர் எந்தப் பொட்டியில செத்தாரும்மா? எனக்குக் கொஞ்சம் காட்டு” என்றாள்.

விஷயத்தை நான் காற்றும் ஜாடையுமாகச் சொல்லி முடித்தேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. மூலை கேபினில் நாற்காலிகளை இழுத்துப் போட்டார். “லைன் இல்லக்கா, புதுசா எங்கயும் போவ முடியாது. ஆனா அண்ணன் போன பக்கமெல்லாம் மெஷின்லயே இருக்கும். திரும்பி மட்டும் போலாம்” என்று அம்பின் மேல் கையை வைத்தார்.

“வேணாம்மா” என்றேன். “திரும்பிப் போயி இன்னா ஆவப்போவுது.”

அவர் கையை எடுத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“நீங்களாண்ணா இதச் சொல்றீங்க? சித்ரா பௌர்ணமிக்கு எங்க மாமியாரக் கூட்டத்துல வுட்டுட்டேன். அழுதுக்குனே முன்னால ஓடுறேன். மேல குழாய்ல உங்க கொரலு. முன்னால போயித் தேடாதீங்க, பிரிஞ்ச எடத்துக்கே திரும்பி வாங்கன்னு. திரும்பறதுக்கு எனக்கு பயம். மலை கோவிச்சுக்காதுன்னு நீங்கதான் சொன்னீங்க. கூட்டத்துக்கு எதுக்க நடந்து வந்தேன். அதே எடத்துல வெள்ளரிப்பிஞ்சு தின்னுக்குனு ஒக்காந்திருந்தாங்க.”

எனக்கு ஞாபகமே இல்லை. எத்தனையோ பேருக்குச் சொன்னது. எந்தப் பௌர்ணமியிலும் நான் அதைக் கேட்டதில்லை. அன்றைக்கு ஏ.சி. அறையில், மெதுவான ஒரு குரலில், என் அறிவிப்பை நான் முதன்முதலாகக் கேட்டேன்.

“அமுத்தும்மா” என்றேன்.

கரையான் வந்தது. சவப்பெட்டி வந்தது. “இது இன்னா பீரோவா?” என்றாள் மனைவி. அவளுக்கு விளக்கினோம். “இதுல நம்ம பேரு எங்க இருக்குது?” என்றாள். இல்லை என்றார் அந்தப் பெண். அடுத்தது கணவனை இழந்த பெண்கள். அதையும் விளக்கினோம். என் மனைவி திரையை ஒரு பார்வை பார்த்தாள், என்னை ஒரு பார்வை பார்த்தாள். “தேத்திக்கறது எப்படின்னு நான் பாத்துக்கறேன். மேல போ” என்றாள்.

கழுத்தில் துளை இருந்தவர் வந்தார். இப்போது போட்டோ முழுசாக இருந்தது. நான் கண்ணை மூடியதால் பார்க்காமல் விட்ட பாதியில், ஒரு ஏரிக்கரையில், கையில் அத்தனை பெரிய மீனைத் தூக்கிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார் அந்த மனிதர். “நல்லாதானே இருக்காரு. மீன் புடிச்சுக்குனு” என்றாள் மனைவி. அதுதான் எனக்குள் விழுந்த முதல் தெம்பு. நான் பயந்ததிலேயே பெரிய பயம் அந்தப் பக்கம். அந்தப் பயத்தைத் தாண்டிப்போன ஆள், அங்கே மீன் பிடிக்கிறார்.

கேன்சர், ட்யூமர் எல்லாம் கடந்து கடைசியில் முதல் பக்கம் வந்தது. நான் அமுக்கிய அந்த நீல வார்த்தை மட்டும் இப்போது ஊதாவாக மாறியிருந்தது. நாம் போய்விட்டு வந்த இடம் ஊதாவாகிவிடுமாம், சேற்றில் கால் பதிந்த மாதிரி. “இங்கதாண்ணா பிரிஞ்சீங்க” என்றார். பிறகு திரையின் ஓரத்தில் தெரிந்த ஒரு சின்னக் கட்டையை மவுஸால் பிடித்துக் கீழே இழுத்தார்.

பக்கம் மேலே நகர்ந்தது. அடியில் இன்னும் எழுத்து. இன்னும் இழுத்தார். இன்னும் எழுத்து. டிவியில் தெரிவதுதான் டிவி என்று பழகினவன் நான். திரைக்குக் கீழே பக்கம் தொடர்கிறது என்று யாருக்குத் தெரியும். இரண்டாவது வரியிலேயே முன்னால் ஓடிப்போனவன், மீதியைப் பார்க்கவே இல்லை. அந்தப் பெண் அதைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். தொண்டையை ஜாஸ்தி வருத்துகிறவர்களுக்கு, வாத்தியார்கள், பாடுகிறவர்கள், கூவி விற்கிறவர்களுக்கு, குரல் நாணில் காய்ப்பு மாதிரி வருவது சகஜம். பேசாமல் ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். சில வாரத்தில் சரியாகாவிட்டால் டாக்டரிடம் காட்டிப் பார்த்துவிட வேண்டும்.

“அப்ப எனக்கு அதெல்லாம் இல்ல, இல்லம்மா?” என்றேன்.

“அதையும் இது சொல்லாதுண்ணா” என்றார். “இத எழுதுனவங்க உங்க தொண்டையப் பாக்கல. பாக்கப்போறது வேலூர் டாக்டர்தான்.”

அவர் பொய்யாக ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லியிருந்தால் நான் வேலூர் போயிருக்க மாட்டேன் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். காசு கொடுக்கப் போனால் வாங்கவில்லை. “மாமியார் கணக்குல வச்சுக்குங்க” என்றார். என் செருப்பை வாசலில் கண்டுபிடித்து மனைவியே எடுத்துப் போட்டாள்.

“காலைல மொத பஸ்ஸு” என்றாள். அவ்வளவுதான்.

போளூர் வரைக்கும் பஸ்ஸில் நான் கண்ணை மூடிக்கொண்டே வந்தேன். பயம் போய்விட்டது என்று எழுதினால் பொய். பயமும் பக்கத்து சீட்டில் டிக்கெட் எடுத்துக்கொண்டுதான் வந்தது. ஆனால் அது இந்த முறை என்னை ஓட்டிக்கொண்டு போகவில்லை. வேலூரில் மூக்கு வழியாக விட்ட குழாய் என் குழாய் இல்லை, ஒயர் மாதிரி மெல்லிசு. டிவியில் என் குரல் நாண்களைக் காட்டினார்கள். இரண்டு வெள்ளை நாடா, நடுவில் எதிரும் புதிருமாகக் கேழ்வரகு மாதிரி இரண்டு காய்ப்பு. வயலில் மண்வெட்டி பிடித்தவன் கையில் இருக்குமே, அதுதான். டாக்டர் கேட்டார், “என்ன வேலை செய்றீங்க?”

“மைக் செட், சார்.”

“மைக்தான் இருக்குதே. அப்புறம் எதுக்குக் கத்துறீங்க?”

இத்தனை வருஷத் தொழிலில் என்னை யாரும் கேட்காத கேள்வி. என் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. இரண்டும்தான் என்று பிறகு சொன்னாள்.

கொஞ்ச நாளைக்கு ஒரு வார்த்தை பேசக் கூடாது, கிசுகிசுப்பும் கூடாது என்று அனுப்பினார்கள். எங்கள் ஊர் ஆசிரமங்களில் பேசாமல் இருப்பதற்கென்றே கடல் தாண்டி ஜனங்கள் வருகிறார்கள். நான் கழுத்தில் சிலேட்டுப் பலகையைத் தொங்கவிட்டுக்கொண்டு கடை வாசலில் உட்கார்ந்திருந்தேன். அந்த வழியாகப் போன ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, ஒரு சீப்பு வாழைப்பழத்தை என் முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். பொய் சாமியாராக இருக்க மனசு வரவில்லை. சிலேட்டில் ‘தொண்டை வலி’ என்று தமிழில் எழுதிக் காட்டினேன். அதற்கு இன்னொரு முறை கும்பிட்டார். பழத்தை மைத்துனன் தின்றான். ஆம்ப்ளிஃபயரை அவனிடமிருந்து திரும்ப வாங்குவதற்குள் எனக்கு இன்னொரு உயிர் போனது தனிக்கதை.

வெயில் காலம் தொடங்கும்போது குரல் திரும்பியது. முழுசாகப் பழைய குரல் இல்லை, கொஞ்சம் கம்மிதான். போதும், மைக் இருக்கிறதே. அதற்குப் பிறகு வந்த பௌர்ணமிக்குப் பந்தலில் போய் உட்கார்ந்தேன். கத்தாமல், பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற மாதிரி, அந்த அறிவிப்பைச் சொன்னேன். கூட்டத்தில் ஓர் ஆள் நின்றார், யோசித்தார், ஜனங்களுக்கு எதிராகத் திரும்பி நடந்தார். அவர் யாரைத் தொலைத்தாரோ, தொலைந்தவர் கிடைத்தாரோ, எனக்குத் தெரியாது.

அதன் பிறகும் எனக்குப் பயம் வராமல் இல்லை. எங்கள் மகளுக்குக் காய்ச்சல் என்றால் மனசு மூன்று நீல வார்த்தை தாண்டிப்போய்த் தேக்குப் பெட்டிக் கடையில் நிற்கும். அப்போது நின்றுவிடுகிறேன். எங்கே பிரிந்தேன் என்று தேடி, முதல் பக்கத்துக்குத் திரும்பி வந்து, அடி வரைக்கும் இழுத்துப் பார்த்துவிட்டு, பிறகு டாக்டரிடம் போகிறேன். ஊருக்கெல்லாம் வழி சொன்ன குழாய் அன்றைக்கு ஒரே ஒரு முறை என் பக்கம் திரும்பியது. அதில் கேட்ட குரலை நம்பித்தான் இன்றைக்கும் திரும்பி நடக்கிறேன். மலை இதுவரை கோபித்துக்கொள்ளவில்லை.